உப்புக்காற்றுக்கு மணிக்கூடு தெரியாது

ஒன்பது வருடம் நான் உப்புக்காற்றை வைத்துத்தான் பிழைத்தேன். அந்தப் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டவர் புங்குடுதீவில் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மருத்துவ மாது. அவரை நினைத்தால் இன்றைக்கும் முதலில் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபம் என் மேலேதான் என்பது கொஞ்சம் பிந்தித்தான் ஞாபகம் வரும்.

அப்போது எனக்கு ஊர்காவற்றுறையில் ஒரு தொலைபேசிக் கம்பனியின் கிளையில் வேலை. தீவுப்பகுதியில் எந்த வீட்டில் இன்ரநெற் நின்றாலும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டியவன் நான். பண்ணைப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் எல்லாப் பழுதுக்கும் ஒரே காரணம்தான். சைக்கிள் செயின் அறுந்தால் உப்புக்காற்று. மின்விசிறி நின்றால் உப்புக்காற்று. போன வருடம் கட்டிய மதில் இந்த வருடம் வெடித்தால், மேசனார் சீமெந்தில் பிடித்த கஞ்சத்தனத்தைச் சொல்லமாட்டார், அதுவும் உப்புக்காற்று. தீவுச் சனமே இதைச் சொல்லும், இதைக் கேட்டுத் தலையாட்டும். நானும் வேலணைக்காரன்தான். சொந்த மண்ணைக் குறை சொல்லிச் சம்பளம் எடுத்தேன். காற்றுக்கு எதிராக எவர் போய் முறைப்பாடு எழுதிக் கொடுப்பார்?

இவர் கொடுத்தார்.

அவருக்கு அப்போது அறுபத்துநாலு வயது. கட்டை உருவம். வீட்டுக்குள்ளும் சீலைதான், தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் பார்க்கக் கட்டுவார். நாடி பிடிக்கும்போது நாடியும் நேரமும் ஒரே பார்வையில் தெரியவேண்டும் என்பதற்காக வந்த பழக்கம். நாடி பிடிக்க ஆள் இல்லாமல் போய் நாலு வருடமாகியும் கடிகாரம் இடம் மாறவில்லை. பெரிய வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் அவர் வீடு. அந்த ஒழுங்கையில் ஒன்பது வீடு, ஏழில் பூட்டு. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் லண்டனில்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார்.

"வந்து பாத்தனீரோ?"

தண்ணீர் பவுசர் ஓட்டுகிறவர் ஒருமுறை அந்த ஒழுங்கைக்குள் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மணல் ஒழுங்கை, சில்லுப் புதையும், வீதியில் வந்து வாளியில் பிடித்துக்கொண்டு போங்கோ என்றாராம். இவர் வீட்டுக்குள் போய்க் கிடங்கு தோண்டுகிற அலவாங்கை எடுத்துவந்து, பவுசரின் முன்சில்லுக்கு நேரே மணலில் ஓங்கிக் குத்தினார். இரண்டு அங்குலம் இறங்கி டங்கென்று கல்லில் நின்றது. நாலடி தள்ளி இன்னொரு குத்து, அங்கேயும் கல். வாசல் வரைக்கும் குத்திக்கொண்டே போய்த் திரும்பிப் பார்த்துக் கேட்டிருக்கிறார், "வந்து பாத்தனீரோ?" பவுசர் பின்னாலேயே வந்துவிட்டது. இதை எனக்குச் சொன்னவர் அந்த ஒழுங்கை முகப்பில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தால், அலவாங்கைக் குத்தியவர் அவர்தானோ என்று நினைக்கத் தோன்றும்.

அதே கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். மருத்துவ மாதாக இவர் வேலையில் இருந்த காலத்தில், தலைப்பிள்ளை வயிற்றோடு ஒரு பெண்ணுக்கு நோவு கண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தால், தலைப்பிள்ளைதானே, நேரம் கிடக்கு, விடியக் கொண்டுவரலாம் என்று அங்கே இருந்த டொக்டர் சொல்லியிருக்கிறார். "நீங்கள் வந்து பாத்தனீங்களோ ஐயா? நான் பாத்திட்டன்" என்று போனை வைத்துவிட்டு, வீதியில் போன மீன் லொறியை மறித்து, ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு, அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனாராம். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைதான் இப்போது குறிகட்டுவானுக்கு ஓடுகிற பஸ்ஸின் சாரதி. ஒழுங்கை முகப்பில் தரிப்பிடம் கிடையாது. ஆனாலும் இவரைக் கண்டால் பஸ் நிற்கும்.

இப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல்தான் நான் போனில் வாயைக் கொடுத்தேன்.

கொரோனாவின் தொந்தரவு ஓய்ந்து வந்த வருடம் அது. ரவுட்டர் பெட்டிகளுக்குள் இருக்கிற மென்பொருளைக் கம்பனி தூரத்தில் இருந்தபடியே மாற்றியது. அப்டேற் என்பார்கள். ஒருவரையும் கேட்பதில்லை, இரவோடு இரவாக நடந்துவிடும். காலையில் எல்லோருக்கும், உங்கள் இணைய அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது என்று ஒரு செய்தி வந்தது. அன்றைக்குப் பின்னேரமே இவருடைய வீட்டில் இன்ரநெற் நின்றது. அடுத்த நாளும் நின்றது.

வேறு வீடு என்றால் இது பெரிய விசயமில்லை. இவருக்கோ வீடே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கிணற்றடியில் விழுந்து இடது மணிக்கட்டை முறித்திருக்கிறார். பனைமட்டையைச் சீவித் தானே கட்டுப் போட்டுக்கொண்டு, தினமும் போனில் மகளிடம், "நான் நல்ல சுகமாயிருக்கிறன் பிள்ளை" என்று ஒன்பது நாள் சொல்லியிருக்கிறார். பத்தாம் நாள் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். மகள் அதோடு குரலை நம்புவதை விட்டுவிட்டாள். முகம் பார்த்துக் கதைக்க ஒரு டப்ளெற்றும் ரவுட்டர் இணைப்பும் ஏற்பாடு செய்து, ஒரு சட்டமும் போட்டாள். தினமும் பின்னேரம் மூன்று மணிக்கு முகத்தைக் காட்ட வேண்டும். மகளுக்கு அங்கே முதியோர் இல்லத்தில் இரவு வேலை. வேலை முடிந்து வந்து படுக்கப் போகுமுன் கிடைக்கிற நேரம் நமக்கு மூன்று மணி. முகம் தெரிகிறவரைக்கும் அம்மா புங்குடுதீவில் இருக்கலாம். தெரியாவிட்டால் யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டோடு போய்விட வேண்டும். மாமா என்றால் இவருடைய சொந்தத் தம்பி. நல்ல மனிதர், மாடியில் ஒரு அறையை வெள்ளையடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்டேற் வந்தபிறகு முகம் தெரியவில்லை. மகள் ஒரு கிழமை நித்திரையில்லாமல் அழுதுவிட்டு, மாதக் கடைசி வரைக்கும்தான் பார்ப்பேன், பிறகு மாமா வான் கொண்டு வருவார் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளையையும் நான் குறை சொல்லமாட்டேன். பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிற குணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லவா வேண்டும்?

கம்பனியின் உதவி இலக்கத்துக்கு இவர் ஆறு தரம் எடுத்திருக்கிறார். நிப்பாட்டிப் பத்து விநாடி விட்டுப் போடுங்கள் என்றார்கள். இவர் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து விநாடி எண்ணிப் போட்டிருக்கிறார், ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை. ஏழாவது தரம் எடுத்தபோது அழைப்பு சுற்றி என்னிடம் வந்தது.

"அன்ரி, அது உப்புக்காற்று. பின்பக்கத்து ஊசியில துரு பிடிச்சிருக்கும். பஞ்சால துடைச்சுப்போட்டுக் கொழுவிப் பாருங்கோ."

"தம்பி, நீர் வந்து பாத்தனீரோ?"

"பாக்கத் தேவையில்லை அன்ரி. தீவில எல்லாம் அதுதான். எனக்குத் தெரியும்."

"பாக்காமலே தெரியிறதுக்கு நீர் சாத்திரம் சொல்லுறனீரோ?"

அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் போனேன். எரிச்சலோடுதான் போனேன். பெட்டி பிரச்சினையே இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. என் போனை எடுத்து ஒரு படம் ஓடவிட்டுக் காட்டினேன்.

"இப்ப நல்லாத்தானே வேலை செய்யுது அன்ரி."

"இப்ப வேலை செய்யும். நான் காலமையைப் பற்றி முறைப்பாடு தரேல்லையே. பின்னேரம் நிக்குது. ரெண்டு மணிக்கு வாரும்."

இரண்டு மணிக்கு வருவதாவது. தீவு வேலையெல்லாம் காலையோடு முடித்துக்கொண்டு மத்தியானம் அலுவலகத்துக்குத் திரும்பிவிடுவதுதான் என் வழக்கம். அன்றைக்கு நயினாதீவுக்குப் படகும் பிடிக்க வேண்டியிருந்தது. பெட்டியைக் கழற்றித் துடைத்தேன், பின்பக்கத்துச் சின்னத் துளைக்குள் ஊசியால் குத்திப் புதுப்பெட்டி மாதிரி ஆக்கினேன், மின்வயரை மாற்றினேன். படிவத்தில், உப்புக்காற்றினால் துரு, சரிசெய்யப்பட்டது என்று எழுதி நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார்.

"துருவை எனக்குக் காட்டும்."

துரு இல்லை. துடைத்த துணியில் கொஞ்சம் தூசி இருந்தது, அதைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனையை வாங்கி, "துரு காணப்படவில்லை" என்று தன் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார். மேசையில் கிடந்த ஒரு கொப்பியை என் பக்கம் தள்ளி, "இதை ஒருக்காப் பாரும்" என்றார். படகுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் எழும்பிவிட்டேன். மூன்று நாள் கழித்து மறுபடி போனேன். மறுபடியும் காலை, பெட்டி மறுபடியும் நல்லபிள்ளை. கொப்பியும் அதே இடத்தில் கிடந்தது. நான் தொடவில்லை.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது அவரே ஊர்காவற்றுறைக்கு வந்து நின்றார். முகப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில். இவர் முறை வரும்வரை நின்று, எங்கள் மேலதிகாரியின் முன்னால் போய் அமர்ந்தார். அவர், பெட்டியைக் கொண்டு வந்தீர்களா என்று கேட்டார்.

"இல்லை. வருத்தம் வந்த நோயாளியைப் பஸ்ஸில தூக்கிக்கொண்டு திரியிறேல்லை. ஆள்தான் வீட்ட வந்து பாக்க வேணும்."

"அம்மா, எங்கட ஆள் ரெண்டு தரம் வந்தவர்தானே. தீவுப்பக்கம் உப்புக்காற்று. நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாது."

இவர் கைப்பையில் இருந்து அந்தக் கொப்பியை எடுத்து, விரித்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார். கர்ப்பிணிகளுக்கு எழுதுகிற மாதிரிக் கோடு போட்ட பக்கங்கள். ஒவ்வொரு நாளும் பெட்டியின் ஒவ்வொரு விளக்கும் எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்று இருந்தது. மின்சாரம் காட்டும் விளக்கு அணையவேயில்லை. வைஃபை விளக்கு மட்டும் இரண்டரைக்கு அணைந்து ஆறரைக்கு எரிந்திருக்கிறது. அடுத்த நாளும் இரண்டரை, ஆறரை. காற்றுப் பலம், காற்றில்லை, மழை என்று ஓரத்தில் குறிப்பு. எந்தக் காற்றிலும் இரண்டரை இரண்டரைதான்.

"உப்புக்காற்று இரவும் பகலும் வீசுது. நான் பிறந்த நாளில இருந்து வீசுது. ரெண்டரைக்குத் துவங்கி ஆறரைக்கு நிப்பாட்ட உப்புக்காற்றுக்கு மணிக்கூடு தெரியுமோ?"

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை, தங்கள் தங்கள் கையில் இருந்த பழுதுச் சீட்டைக் குனிந்து பார்த்தார்கள். நான் பின்னால் நின்று அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் என் கைக்கு எட்டிய தூரத்தில் கிடந்த கொப்பி. திறந்திருந்தால் அந்த மனிசி பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு வாறன் அன்ரி" என்றேன், மேலதிகாரியைக் கேட்காமலே.

"சாப்பிட்டிட்டு வராதையும்" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் ஒரு மணிக்கே போய்விட்டேன். சோறும் விளைமீன் குழம்பும் முருங்கையிலை வறையும் போட்டார். சாப்பிட்டுக் கை கழுவி, இரண்டு கதிரையை இழுத்துப்போட்டு இரண்டு பேரும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். நான் மடிக்கணினியை வயர் போட்டுப் பெட்டியோடு கொழுவியிருந்தேன். அவர் உட்பக்கம் கட்டிய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப" என்றார். வைஃபை விளக்கு அணைந்தது.

பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். மேல் மூலையில் அதனுடைய நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வெயில் அடிக்கிற பின்னேரம் இரண்டரைக்கு, அந்தப் பெட்டிக்கு நேரம் இரவு ஒரு மணி. பூமிக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு தேசத்தின் நேரம். புது மென்பொருளோடு ஒரு வசதியும் சேர்ந்து வந்திருந்தது, இரவு ஒன்றில் இருந்து ஐந்து வரைக்கும் வைஃபை உறங்கும் என்று. நான் புதுப்பெட்டி மாதிரி ஆக்கினால் அந்தப் பிழையும் புதுசாகத்தான் திரும்பி வரும். ஒன்பது வருட வேலைக்காரன் நான், இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நிமிடம் போனது. பார்த்திருந்தால் முதல் நாளே நாலு நிமிடம்தான்.

அவருக்கு விளங்கப்படுத்தினேன். முழுக்கக் கேட்டார்.

"அப்ப இது இஞ்ச இருந்துகொண்டு வேற ஒரு ஊரின்ர இரவில நித்திரை கொண்டிருக்குது."

"ஓம் அன்ரி."

"என்ர பிள்ளை இரவு முழுக்க முழிச்சு, பகலில படுக்கிறாள்" என்றார்.

நேரத்தை இலங்கைக்கு மாற்றினேன், உறக்கத்தை நிறுத்தினேன். விளக்கு எரிந்தது. மூன்று மணிக்கு டப்ளெற் அடித்தது. வேலைச் சட்டையோடு ஒரு பெண்ணின் முகம், கண்ணெல்லாம் சிவந்துபோய். திரைக்குக் கிட்ட வந்து தாயைப் பார்த்தாள். பிறகு, "அம்மா, கையைக் காட்டுங்கோ" என்றாள். இவர் இடது கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பி, விரல்களை மடக்கி விரித்துக் காட்டினார். நான் முற்றத்துக்கு இறங்கி என் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

கதைத்து முடித்துவிட்டு வெளியே வந்தார். நன்றி சொல்லுவார் என்று நினைத்தேன்.

"எழுதித் தாரும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். பழுதுக்குக் காரணம் உப்புக்காற்று அல்ல, புதிய மென்பொருளின் நேர அமைப்பில் இருந்த பிழை. என் பெயர், கையெழுத்து, கம்பனியின் முத்திரை. மாதக் கடைசியில் தம்பியார் வானோடு வந்தாராம். அவரைச் சாப்பிட வைத்து, இந்தக் கடிதத்தை வாசிக்க வைத்து, மூன்று மணிக்கு மகளின் முகத்தையும் காட்டி, ஒரு கட்டு முருங்கைக்காயோடு வெறும் வானாக அனுப்பிவைத்தார் என்று பஸ் சாரதி எனக்குச் சொன்னான். அதே வகைப் பெட்டி இருந்த மற்ற வீடுகளுக்கும் நான் போய் நேரத்தை மாற்றிக்கொண்டு திரிந்தேன். அவற்றில் சில வீடுகளுக்கு முன்பே உப்புக்காற்று என்று படிவம் எழுதியிருந்தவனும் நான்தான். நெடுந்தீவில் ஒரு மனிதர் என் பேச்சைக் கேட்டுப் பெட்டியைப் பொலித்தீனால் சுற்றி வைத்திருந்தார்.

இது நடந்து இரண்டு மாதமிருக்கும். மகளிடம் இருந்து கம்பனிக்கு ஒரு வேலைக் கட்டளை வந்தது. லைன் இப்போது நன்றாக இருக்கிறபடியால், அம்மாவின் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு கமரா பொருத்திவிடவும் என்று. கமராவை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை நேரே போய்ப் பார்ப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன செய்யும்?"

"இருவத்துநாலு மணித்தியாலமும் உங்களை மகள் பாக்கலாம் அன்ரி. எங்க நிண்டாலும் போனிலேயே பாக்கலாம்."

"நான் அவளைப் பாக்கலாமோ?"

"இல்லை அன்ரி. இது அங்க இருந்து இஞ்ச பாக்கிறது மட்டும்."

கமராவை அது வந்த பெட்டிக்குள் வைத்து, மூடியை மூடி, என் மடியில் வைத்தார்.

"வேண்டாம்."

"மகள் பாவம், பயத்திலதானே கேக்கிறா."

"மூண்டு மணிக்கு முகத்தைக் காட்டுறன். அதுக்காகத்தான் உங்களோட இவ்வளவு சண்டை பிடிச்சனான். மிச்ச நேரம் என்ர நேரம். நான் எங்க இருக்கிறன், எப்ப படுக்கிறன் எண்டதை ஒரு பெட்டி பாத்துக்கொண்டிருக்க ஏலாது." யன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார், "அவளை நேரில பாத்துப் பன்னிரண்டு வருசமாச்சு தம்பி. பாக்க வேணுமெண்டால் வந்து பாக்கட்டும்."

குரல் கொஞ்சம் தடுமாறியது. அந்த மனிசியின் குரல் தடுமாறி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். எனக்கு மனம் கேட்கவில்லை. தாயும் மகளும் இதில் மனத்தாங்கல் படக்கூடாது என்று ஒரு வழி யோசித்தேன்.

"அன்ரி, உப்புக்காற்றுக்குக் கமரா நிண்டு பிடிக்காதெண்டு நான் எழுதி விடுறன். மகளுக்கும் நோகாது, உங்களுக்கும் கரைச்சல் இல்லை."

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள்ள கொண்டு வராதையும். நான் வேண்டாமெண்டனான். அதை எழுதும். நான் சொன்னதைச் சொன்னபடி எழுதும்."

எழுதினேன். கமரா பொருத்தப்படவில்லை. வீட்டுக்காரர் மறுத்தார். பார்க்க வேண்டுமென்றால் வந்து பார்க்கட்டும் என்றார். படிவத்தை நீட்டும்போது, ஒருவேளை தெரியாமல் இருக்குமோ என்று சொல்லியும் வைத்தேன்.

"அன்ரி, லைன் மகளின்ர பேரில. இந்தப் படிவத்தின்ர பிரதி நேர மகளுக்குத்தான் போகும்."

அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார். இந்த முறை ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

"தெரியும். பின்ன எதுக்கு உம்மைக் கொண்டு எழுதுவிச்சனான்?"